அந்த நாலு பேர்

படிவத்தில் அணியின் பெயர் கேட்டிருந்தார்கள்.
'நாலு பேர்' என்று எழுதினேன்.
நாலு பேர் என்ன சொல்வார்கள்,
நாலு பேர் பார்த்தால் என்ன ஆகும்
என்று நடுங்கியே முப்பத்தாறு வயது.
ஒரு ஞாயிறாவது
அவர்களாகவே இருந்து பார்க்கலாமே.

தன்மயியிடம் கேட்டேன்.
மராத்தியிலும் நாலு பேர்தானாம்.
அவளுக்கு நாலு பேரும் அத்தைகள்.

டாக்சி கூடாது. ரயில், பஸ், கால்.
போகும் இடமெல்லாம்
நாலு முகமும் ஒரே படத்தில் விழவேண்டும்.
மாட்டுங்காவில் காலை எட்டுக்கு முதல் உறை:
ராஜா போய்விட்டான், வட்டம் இருக்கிறது.
கிங்ஸ் சர்க்கிள் என்று உறையை மடிப்பதற்குள்
சொல்லிவிட்டான் இசக்கி.
லிஃப்ட் பழுதுபார்ப்பவன்,
எந்தக் கதவையும் இரு விரலால் பிளப்பவன்.
கோப்பை நமக்குத்தான் என்று
அங்கேயே இட்லிக்குக் காசு கொடுத்தேன்.

இரண்டாவது உறை:
இரு பாதை தோள் உரசும் ஊரில்
மூன்றாம் நடைமேடை.
தாதர்தான், சந்தேகமில்லை.
ஆனால் எந்த மூன்று?
மேற்குப் பாதையின் மூன்று என்றாள் தன்மயி.
எண்ணெல்லாம் மாற்றிவிட்டார்கள்,
மத்தியப் பாதையின் பழைய மூன்று
இப்போது ஒன்பது என்றான் இசக்கி.
புதிர் போட்டவர் பழைய ஆளா, புதிய ஆளா?
முதலில் ஒரு டீ என்றாள் ஜெபக்கனி.
நான் எதுவும் சொல்லவில்லை.
நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று
அப்போதுதான் தெரிந்தது:
நாலும் நாலு விதமாய்ச் சொல்வார்கள்.

இருவர் மூன்றுக்கு, இருவர் ஒன்பதுக்கு.
சாமந்தி மூட்டைகளுக்கு நடுவே
மேம்பாலத்தில் எதிரும் புதிருமாய் ஓடி
போனில் கத்தி, மறுபடி ஓடி,
ஒன்பதில் படம் எடுத்தபோது
என் ஒரு காது மட்டும் விழுந்திருந்தது.
செல்லாது என்றார்கள். இன்னொரு படம்.
பத்தொன்பது நிமிடம்
பூ நசுங்கிய மாதிரிப் போனது.

கடைசி உறை:
தன் தலைமேல் தானே ஏறி நிற்பான்.
தூங்காமல் சுமப்பான். யார்?

தலைகீழ் ஆலமரம் என்றோம்.
கண்ணாடிக் கட்டடம் என்றோம்.
யோகாசன வாத்தியார் சிலை ஒன்று
சிவாஜி பார்க் பக்கம் உண்டென்று
யாரோ சொல்ல, போனோம், இல்லை.
குளத்தில் தெரியும் நிழலாயிருக்கும் என்று
குளம் தேடினோம்.
மூன்றரைக்கு மணி அடித்துவிட்டார்கள்.
பரேலைச் சேர்ந்த கல்லூரிப் பையன்கள்
கோப்பையில் சோடா ஊற்றிக் குடித்தார்கள்.
விடையைச் சொல்லவேண்டாம் என்று
காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தோம்,
அது ஒன்றில்தான் நாலு பேரும் ஒத்துப்போனோம்.

செவ்வாய்க்கிழமை. ஸ்லோ வண்டி.
மஸ்ஜிதில் இறங்கி
பாதாம் கடைக் கணக்கெழுதப் போகிறவள்,
பதினோரு வருடமாய்.
யாருடைய டிபன் டப்பாவோ விலாவில் இடிக்க
வண்டி சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் நின்றது.
தலைக்கு மேலே
தடதடவென்று இன்னொரு ரயில்.
கீழே மெயின், மேலே ஹார்பர்.
ஒரே பெயர், ஒரே நிலையம்,
தன் தலைமேல் தானே.

அடி பாவி என்று வாய்விட்டே சொன்னேன்.
வழியில் நின்ற அம்மா நகர்ந்துகொண்டாள்.
குதித்து இறங்கினேன்.

மேலே ஏறும் படிக்கட்டின் திருப்பத்தில்
துருப்பிடித்த குழாய்க்குப் பின்னால்
மஞ்சள் ஒட்டி இன்னும் இருந்தது.
'வாழ்த்துகள்! படம் எடுத்து அனுப்பவும்.'
அதன் கீழே நீல மையில்,
ரத்தக்குழாய்களுக்குச் சீட்டு எழுதியே
கோணலான கையெழுத்தில்:
'திங்கள், இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தேன்.
நாலு பேருக்குத் தெரியவேண்டாம்.
ஜெபக்கனி.'

ஒரு வண்டியை விட்டேன், அடுத்ததையும்.
பாதாம் காத்திருக்கட்டும்.
பையில் பேனா தேடி
அவள் பெயருக்குக் கீழே என் பெயர் எழுதினேன்.
அதற்கும் கீழே
இரண்டு வரிக்கு இடம் விட்டு
மூடியை மூடினேன்.